மோட்டோ விளக்கு

இப்போதெல்லாம் ஒரு வீட்டில் பொருள் காணாமல் போனால் யாரும் தேடுவதில்லை. நேரே வேலைக்காரியைக் கூப்பிடுகிறார்கள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்க முதுகு வலிக்கிறது. இன்னொருத்தியை முந்தானையை உதறச் சொல்ல வாய் வலிக்கிறதில்லை. வாசலில் கேமரா, கதவில் ரெண்டு பூட்டு. அப்புறம் சொந்தக்காரன் என்று நம்பி அவன் கையிலேயே சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நான் யாரையும் நம்புவதில்லை. அதனால் என் வீட்டில் ஒன்றும் களவு போனதில்லை. களவு போக என்ன இருக்கிறது என்று என் மருமகள் கேட்பாள். அது வேறு விஷயம்.

என் பேர் ராஜாங்கம். படிப்பு ஐந்தாம் வகுப்பு. தட்டாஞ்சாவடியில் நாற்பது வருஷம் பேட்டரிக் கடை வைத்திருந்தேன்.

நாராயணசாமி என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அவன் அப்பா அந்தக் காலத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று ஒரு கையெழுத்துப் போட்டார். என் அப்பா, நமக்கு எதுக்கு அதெல்லாம் என்று மில்லுக்கு வேலைக்குப் போய்விட்டார். அந்த ஒரு கையெழுத்தில் நாராயணசாமி சொல்தா ஆனான். பிரெஞ்சுப் பட்டாளம், பிரெஞ்சு பென்ஷன், பாரீசில் மகள். நான் ஆசிட் கேன் தூக்கினேன். பொறாமையா என்று கேட்டால், ஆமாம். இல்லை என்று சொல்கிறவனை நம்பாதீர்கள்.

வருஷா வருஷம் ஏப்ரலில் அவனும் அவன் பெண்டாட்டி பாக்யலட்சுமியும் மகள் வீட்டுக்குப் போய்விட்டு ஆகஸ்டு கடைசியில் திரும்புவார்கள். அதுவரை கார் ஷெட்டில் நிற்கும். சும்மா நிற்கிற காரில் பேட்டரி செத்துப்போகும். அதற்காகவே பாரீசிலிருந்து கையடக்கமாக ஒரு சார்ஜர் வாங்கி வந்தான். மாட்டி விட்டால் பேட்டரி நிரம்பியதும் தானே நின்றுகொள்ளும், இறங்கினால் தானே ஏற்றும். மாட்டுவதும் கழற்றுவதும் என் வேலை. கார் சாவி வீட்டுக்குள்ளேதான் தொங்கும். அதில் ஒரு பட்டன், ரெண்டு விளக்கு. ஒன்றின் கீழே AUTO, இன்னொன்றின் கீழே MOTO.

வியாழக்கிழமை காலை 10.20. போன் வந்தது.

"வந்துட்டோம்டா. டிக்கெட்டு ரெண்டு நாளு முன்னாடியே கெடச்சிது. யாருக்கும் சொல்லல. வந்து சார்ஜரக் கழட்டு."

10.50. ஷெட்டில் நின்றேன். ஒவ்வொரு வருஷமும் காரை மூக்கு உள்ளே போகிற மாதிரி விடுவான். இந்த ஏப்ரலில் மட்டும் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினான். ஏன் என்று அப்போதே கேட்டேன். சும்மாதான் என்றான்.

அதே மாதிரிதான் நின்றது. சுவருக்கும் டிக்கிக்கும் நடுவே கைதான் நுழையும். பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்புக் கிளிப் பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்புக் கிளிப் எஞ்சின் பக்கத்து நட்டில். நான் மாட்டின மாதிரியேதான். சார்ஜரைப் பார்த்தேன். MOTO விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். அதேதான். பிளக்கைப் பிடுங்கினேன், முதலில் கறுப்பை, அப்புறம் சிவப்பைக் கழற்றினேன். நாராயணசாமி வண்டியை எடுத்து ஆறடி முன்னால் விட்டான். நிறுத்துவதற்குள் பாக்யலட்சுமி டிக்கியைத் திறந்துவிட்டாள். ஸ்டெப்னியைத் தூக்கினாள். அதன் அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தாள்.

காலி.

11.05. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "எங்கம்மா ஆரம். பதினோரு பவுனு. வீட்டத்தான் ஒடப்பான், காரையா தேடுவான்னு இங்க வச்சேன்."

பின்கட்டுக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த ரஞ்சிதத்தைக் கூப்பிட்டாள். ரஞ்சிதம் அந்த வீட்டு வேலைக்காரி. வைத்திக்குப்பத்துக்காரி. பின்கட்டில் ஒற்றை அறையில் இருக்கிறாள்.

"ஏப்ரல்ல டப்பா வைக்கறப்ப நீ ஒருத்திதான் இங்க பெருக்கிக்கிட்டு நின்ன."

"நின்னேம்மா. டப்பாவத்தான் பாத்தேன். உள்ள என்னான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உன் மருமவன் வேன் ஓட்டறவன்தான. வண்டிய முன்னால எடுத்துட்டு மறுபடி பின்னால உட ஆளா இல்ல?"

"அம்மா, வாய்க்கு வந்தத சொல்லாதீங்க."

"சாயந்திரத்துக்குள்ள ஆரம் வரணும். இல்லன்னா ஸ்டேஷனு. வந்தாலும் சரி, வராட்டியும் சரி, நீ ரூமக் காலி பண்ணு."

ரஞ்சிதம் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். அவள் மகள் நேற்றுத்தான் பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றிருந்தாள். பிள்ளையைக் கொண்டு வந்து போட அந்த ஒற்றை அறைதான் இருக்கிறது. இதெல்லாம் தெருவுக்கே கேட்டது. மாடியில் கைப்பிடிச் சுவர் ஓரமாக பாக்யலட்சுமியின் தங்கச்சி கலைமகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாடியில்தான் குடியிருக்கிறாள், கீழ்வீட்டுச் சாவி அவளிடமும் ஒன்று உண்டு.

"ஒரு மணி நேரம் பொறும்மா," என்றேன்.

"நீ என்னடா போலீசா?" என்றான் நாராயணசாமி.

"பேட்டரிக்காரன்."

இரக்கம் என்று நினைக்க வேண்டாம். அந்த விளக்கு என்னை உறுத்தியது.

11.15. குழாயடி.

"ஆஸ்பத்திரிக்கு எப்பப் போன?"

"திங்கக்கெழம காலையில, வலி எடுத்ததும்."

"எப்பத் திரும்பின?"

"இன்னிக்கி எட்டு மணிக்கு. துணி எடுத்துக்கிட்டுப் போலாம்னு வந்தேன். பாத்தா இவங்க வாசல்ல எறங்கறாங்க."

"நடுவுல?"

"எங்க வர்றது, பெரியப்பா? ஒரு ஆளுக்குதான் பாஸு. நான் நவுந்தா மவ தனியாக் கெடப்பா."

பாஸைக் கேட்டேன். இடுப்பிலிருந்து எடுத்தாள். ஒவ்வொரு நாளும் ரெண்டு வேளை முத்திரை விழுந்திருந்தது. முத்திரையையும் நம்பாமல் தேதியை எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

"வீட்டுச் சாவி?"

"இதே இடுப்புலதான்."

"மருமவன்?"

"ஞாயித்துக்கெழம பெங்களூருக்கு லோடு ஏத்திக்கிட்டுப் போனவரு. புள்ள மூஞ்சியவே இன்னும் பாக்கல."

"சார்ஜர்ல என்னா எழுதியிருக்கு?"

"எழுத்தா? வெளக்கு எரியுதான்னு பாருன்னு ஐயா சொல்லியிருந்தாரு. ஏதோ ஒண்ணு எரியும். பாத்துட்டு வந்துடுவேன்."

11.35. பக்கத்து வீடு. அரிகிருஷ்ணன் ரிட்டயரான கிளார்க். சொல்தா குடும்பங்களுக்கு பிரெஞ்சில் பென்ஷன் பாரம் எழுதிக் கொடுப்பவர். அதனால் தெருவில் எல்லோருக்கும் அவர் முசே, பிரெஞ்சில் ஐயா. நாராயணசாமி அவரிடமும் ஒரு சாவி கொடுத்திருந்தான்.

"முசே, இந்தத் தெருவுல கடைசியா எப்பக் கரண்டு போச்சு?"

"செவ்வாக்கெழம. பத்துலேருந்து ரெண்டு வரைக்கும். பராமரிப்புன்னு பேப்பர்லயே போட்டிருந்தான்."

"அப்பறம்?"

"போகல. மூச்சுக்கு மருந்து இழுக்கற மிஷினு வச்சிருக்கேன். கரண்டு போனா மொதல்ல எனக்குத்தான் தெரியும்."

"உங்க சாவி?"

"அதோ ஆணியில. என் மேலயும் சந்தேகமா?"

"எல்லார் மேலயும்தான். இதப் படிங்க." கையோடு கொண்டு போயிருந்த சார்ஜரை நீட்டினேன்.

"ஓட்டோ. மோட்டோ. பிரெஞ்சுல ஓட்டோன்னா காரு. மோட்டோன்னா பைக்கு. இது தெரியாதா உமக்கு?"

தெரியும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் தெரியாது. முதல் தடவை இதைச் சொருகியபோது AUTO விளக்கு எரிந்தது. ஆட்டோ மூணு சக்கரமாயிற்றே, கார் என்றால் மோட்டார்தானே என்று பட்டனை அழுத்தி MOTO-வில் வைத்தேன். நாராயணசாமி தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

11.55. மாடி. கொடியில் ஒரு பட்டுப்புடவை காற்றாடத் தொங்கியது.

"கல்யாணமாம்மா?"

"நேத்து, நோணாங்குப்பத்துல. ஒண்ணுவிட்ட அண்ணன் பொண்ணுக்கு. உக்காருங்கண்ணே, மோர் தரட்டா?"

"வேணாம். அக்கா ஆரம் போச்சுன்னு அழுவுது. நீங்க கீழ எறங்கலையே?"

"எறங்கி என்னா சொல்றது?" மடித்துக்கொண்டிருந்த துணியை அவள் கீழே வைத்தாள். "சொல்தா மாப்ளைக்கு ஆரம், மில்லு மாப்ளைக்கு ஒரு ஜோடித் தோடு. எங்கம்மா அப்படித்தான் பிரிச்சாங்க. மில்ல மூடுனாங்க. எங்க வீட்டுக்காரரும் போய்ட்டாரு. நான் லைசென்சு எடுத்து ஆறு வருஷமாவுது. மாமா ஒரு நாளு அந்தக் கார் ஸ்டியரிங்கத் தொட விட்டதில்ல."

எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவள் பேசியது நான் பேசுகிற மாதிரியே இருந்தது. இருந்தாலும் கேட்டேன்.

"இந்தச் சார்ஜர மறுபடி சொருகணும். எனக்குக் கண்ணு மங்கல். ஆட்டோ, மோட்டோன்னு ரெண்டு இருக்கே, காருக்கு எதும்மா?"

"மோட்டோதான். ஆட்டோ மூணு சக்கரத்துக்கு. சொருகினா அதுபாட்டுக்கு ஆட்டோவுலதான் வந்து நிக்கும். ஒரு தடவ அழுத்தி மாத்தணும்."

தலையை ஆட்டிவிட்டு இறங்கினேன்.

12.20. எல்லோரையும் ஷெட்டுக்கு வரச் சொன்னேன். காரை எல்லோரும் சுற்றி நின்றார்கள். சார்ஜரைச் சுவர்ப் பிளக்கில் சொருகினேன். AUTO எரிந்தது.

"கரண்டு போய் வந்தா இது ஆட்டோவுலதான் வந்து நிக்கும். செவ்வாக்கெழம ரெண்டு மணிக்கு இந்தத் தெருவுக்குக் கரண்டு வந்துச்சு. அப்ப இது ஆட்டோவுல இருந்திருக்கணும். இன்னிக்கிக் காலையில நான் பாக்கறப்ப மோட்டோவுல இருந்துது. அப்ப செவ்வா மத்தியானத்துக்கு மேல யாரோ இந்தப் பட்டன அழுத்தியிருக்காங்க."

"அழுத்தினா என்னா இப்ப?" என்றாள் பாக்யலட்சுமி.

"டிக்கி தொறக்கணும்னா வண்டிய முன்னால எடுக்கணும். எடுக்கணும்னா சார்ஜரக் கழட்டணும். வேல முடிஞ்சதும் இருந்தபடியே மாட்டிட்டாங்க. கிளிப்பெல்லாம் சரியா மாட்டியிருக்காங்க, நான் ஏப்ரல்ல மாட்டறதப் பாத்த ஆளு. கழட்டறப்ப எந்த வெளக்கு எரிஞ்சிதுன்னு கவனிக்கல. பிளக்க சொருகினப்ப ஆட்டோ வெளக்கு எரிஞ்சிது. அது தப்புன்னு திருத்திட்டாங்க."

"ரஞ்சிதம்..."

"ரஞ்சிதம் திங்கள்லேருந்து ஆஸ்பத்திரியில. பாஸு இருக்கு, பாருங்க. சாவியும் அவகிட்டதான். அதுமில்லாம எழுத்துத் தெரியாதவ எந்த வெளக்கு எரிஞ்சாலும் விட்டுடுவா. அரிகிருஷ்ணன் முசேவுக்கு பிரெஞ்சு தெரியும், அவரும் தொட மாட்டாரு. இதத் திருத்தறது பாதி படிச்ச ஆளுதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால நான் திருத்தினேன். இந்தத் தடவ கலைமகளம்மா திருத்தினாங்க. சொருகினா எந்த வெளக்கு எரியும்னு இப்பதான் மாடியில எனக்குச் சொன்னாங்க. கையால சொருகிப் பாக்காம அது தெரியாது."

நாராயணசாமி முதன்முறையாகச் சிரிக்காமல் அந்தச் சார்ஜரைப் பார்த்தான்.

"கார்ல இருக்குன்னு உனக்கு யாருடி சொன்னா?" என்றாள் பாக்யலட்சுமி.

"யாரு சொல்லணும்? வருஷா வருஷம் மூக்கு உள்ள போற வண்டி இந்தத் தடவ திரும்பி நிக்குது. பூட்டின டிக்கிக்குச் செவுத்தக் காவல் வச்சா, உள்ள என்னாவோ இருக்குன்னு தெரியாதா?"

கலைமகள் மாடிக்குப் போனாள். கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்து அக்கா கையில் வைத்தாள்.

"ஒரு நாளு போட்டுக்கணும்னு இருந்துது. சொந்தக்காரங்கள்லாம் வர்ற கல்யாணம். அம்மா ஆரத்த ஒரு தடவ நானும் போட்டுப் பாக்கணும்னு. சனிக்கெழம நீங்க வர்றதுக்குள்ள திருப்பி வச்சிருப்பேன்."

"திருப்பி வைக்கறவங்க எதுக்கு வண்டிய மறுபடி சுவத்தோட ஒட்டி நிறுத்தணும்?" என்றேன்.

"ரஞ்சிதம் வந்து பாத்தா என்னாவுறது?"

அவள் சொன்னது உண்மையாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

"சரி. காலையில அவள ஸ்டேஷனுக்கு அனுப்பறேன்னு அக்கா சொன்னப்ப மேல நின்னு கேட்டுக்கிட்டுதான இருந்தீங்க. அப்ப ஏன் எறங்கி வரல?"

கலைமகள் அக்கா பக்கம் திரும்பினாள்.

"விடுங்கண்ணே," என்றாள் பாக்யலட்சுமி. "கூடப் பொறந்தவ. கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்."

கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளாம். முப்பது வருஷமாக அவள் கொடுக்கவில்லை. இவளும் கேட்கவில்லை. ரெண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

"ரஞ்சிதம், எல்லாருக்கும் டீ போடு," என்றாள் பாக்யலட்சுமி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ரஞ்சிதம் நகரவில்லை.

"நான் எடுக்கலன்னு சொல்லுங்கம்மா."

"அதான் கெடச்சிடுச்சே."

"தெருவே கேக்க என் பேரச் சொன்னீங்க. எடுக்கலன்னும் சொல்லுங்க. ரூமு எனக்கு இருக்கா இல்லையான்னும் சொல்லுங்க. நாளைக்குப் புள்ளயத் தூக்கிக்கிட்டு வரணும்."

பாக்யலட்சுமி புருஷனைப் பார்த்தாள். அவன் காரைப் பார்த்தான். நான் சாமான் பையைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.

"சொல்லிடும்மா. கேட்டுட்டுத்தான் போவேன்."

"நீ எடுக்கல," என்றாள். அப்புறம், சுவருக்கு அந்தப் பக்கம் அரிகிருஷ்ணன் வீட்டுக்காரி தலை தெரிந்ததும், கொஞ்சம் சத்தமாக: "ரஞ்சிதம் எடுக்கல. ரூமு அவளுதுதான்."

ரஞ்சிதம் உள்ளே போகவில்லை. அலசிய துணியைக் கூடையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். டீ யாருக்கும் கிடைக்கவில்லை.

"பாத்தியாடா, வீட்டுக்குள்ளயே நல்லபடியா முடிஞ்சிது," என்றான் நாராயணசாமி, என் தோளைத் தட்டி.

பாக்யலட்சுமி அங்கேயே, அழுத முகத்தோடு, ஆரத்தைத் தன் கழுத்தில் போட்டுக் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தாள். "உனக்குத்தான்க்கா எடுப்பா இருக்கு," என்றாள் கலைமகள். சொன்னவள் அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. கண் ஆரத்தின் மேலேயே இருந்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கண்ணாடி முன்னால் நின்று நாராயணசாமியை நினைக்கும்போது நான் பார்க்கிற பார்வை அது.

பையை எடுத்துக்கொண்டு கேட்டைச் சாத்திவிட்டு நடந்தேன். நல்லபடியாக முடிந்ததாம். எனக்கு நம்பிக்கை இல்லை.