இடப்பக்கம் ஒதுங்கிய தேதிகள்

"என் தேதியை எவனோ மாத்திட்டான் சார்!" என்றபடி வந்து உட்கார்ந்தார் தச்சர். சட்டையில் ஒட்டிய மரத்தூளைக்கூடத் தட்டவில்லை. மனைவியைப் பிரிந்தவர், ஒன்பது வயது மகளை மாதம் ஒருமுறை குடும்ப நீதிமன்றச் சந்திப்பு நிலையத்தில் பார்த்துவந்தவர். நிலையத்தின் குறுஞ்செய்தியை நம்பி டிசம்பர் ஏழாம் தேதி போனால், மகள் ஜூலை பன்னிரண்டாம் தேதியே வந்து, மாலைவரை காத்திருந்து திரும்பிவிட்டாளாம். இனி அப்பாவைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாளாம்.

துப்பறிபவரை எல்லோரும் கண்ணாடியார் என்பார்கள். கூடவே இருந்த அவர் மைத்துனனுக்குப் பொறுக்கவில்லை. "சந்தேகமே இல்ல அத்தான், அந்தம்மா வேலைதான்!"

"அவசரப்படாத மாப்ளே."

மறுநாள் தச்சரோடு நிலையத்துக்குப் போனபோது அந்தம்மாவும் வந்திருந்தாள். கண்ணாடியார் எழுத்தரின் கணினியில், குறுஞ்செய்திகள் தானாகப் போகும் எக்செல் பட்டியலைத் திறந்தார்.

"மாப்ளே, தேதியெல்லாம் ஏன் ஒரே சீரா நிக்கல?"

சில தேதிகள் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டியிருந்தன, சில வலப்பக்கம். மைத்துனன் விரலை ஓட்டிப் பார்த்தான். "இடப்பக்கம் இருக்கறது எல்லாமே பன்னெண்டாந்தேதிக்கு மேல!"

"அங்கதான் இருக்கு விஷயம். நாம நாளை முதல்ல எழுதறோம், இது மாசத்தை முதல்ல படிக்குது. 20/06ன்னா இருபதாவது மாசம் ஏது? புரியாம வெறும் எழுத்தா ஓரமா விட்டுடுச்சு. அதனால அந்தச் செய்தி எழுதினபடியே சரியாப் போச்சு. 12/07ன்னா பன்னெண்டாவது மாசம் இருக்கே, அது டிசம்பர் ஏழா மாறிடுச்சு. யாரும் மாத்தல."

"இந்தம்மாவுக்கு நான் போன்லயே ஜூலைன்னு சொல்லிட்டேன் சார்," என்றார் எழுத்தர். முகம் வெளுத்திருந்தது.

கண்ணாடியார் நாள், மாதம், ஆண்டு எனப் பிரித்து, மறுபடி சேர்த்தார். எல்லாத் தேதிகளும் வலப்பக்கம் வந்து ஒழுங்காக நின்றன. மைத்துனனுக்கு உச்சி குளிர்ந்தது.

"பிள்ளைகிட்ட இவரை வாய்க்கு வந்தபடி திட்டினேனே," என்று அந்தம்மா அழுதாள். அங்கேயே மகளுக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி வைத்தாள். "அப்பா மேல தப்பில்லடா கண்ணு. கம்ப்யூட்டர் டிசம்பர்னு அனுப்பிடுச்சு."

போனில் மகளின் குரல் கேட்டது.

"ஜூன்ல பார்த்தோம். அடுத்தது டிசம்பர்னு வந்ததும், ஏன்னு அப்பா யாருகிட்டயாவது கேட்டாரா?"

மைத்துனன் அத்தானைத் திரும்பிப் பார்த்தான். இந்தக் கேள்வி தனக்கோ அத்தானுக்கோ தோன்றவே இல்லையே.

"கேக்கலடா," என்றார் தச்சர். "உங்கம்மாதான் தள்ளிப்போட்டுட்டான்னு நினைச்சேன். கெஞ்சக்கூடாதுன்னு வீம்பு."

"நீங்க ஏன் வரலன்னு நான் தினமும் கேட்டேன்ப்பா," என்று சொல்லிவிட்டு மகள் போனை வைத்தாள்.