துணி அறைப் பழக்கம்

அம்மா முதல் பாடத்தை மறுபடியும் பார்த்து முடித்தாள். கணினியைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். பிறகு மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தி எல்லாவற்றையும் மூடினாள்.

திறந்து பார்த்தால், பாடம் முடியவில்லை என்றே காட்டியது.

"இந்தப் பெட்டிக்கு என் மேல என்ன கோபமோ!" என்றாள்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துணி அறை வேலை. போர்வை, தலையணை உறை எல்லாம் அவள் பொறுப்பு. இப்போது அந்த அறையையே மூடப் போகிறார்கள். இணையத்தில் ஒரு பயிற்சியை முடிப்பவர்களுக்கு மட்டும் மருந்துக் கிடங்கில் வேலை. முடிக்காதவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நாளை மாலை கடைசி.

"தள்ளும்மா, நானே முடிச்சுத் தரேன். இஸ்திரி அத்தைக்கு அவங்க பையன்தான் முடிச்சுக் கொடுத்தான்," என்று அண்ணன் மவுஸைப் பிடுங்கினான். இஸ்திரி அத்தையும் அம்மாவோடு வேலை செய்கிறவள்.

அம்மா எழுந்து, வந்த விருந்தாளி மாதிரி ஓரமாக நின்றாள். வாண்டுக்குப் பொறுக்கவில்லை. வாண்டு அந்த வீட்டுக் கடைக்குட்டிப் பெண்.

"அண்ணா, கிடங்குல நீயா போய் உட்காரப் போறே?"

"உனக்கு வாய் ரொம்ப நீளம்!"

"அவ சொல்றதும் சரிதானேடா. நானே செய்றேன்," என்றாள் அம்மா.

அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான்.

"ஏம்மா, பாடம் ஓடி முடிஞ்சதும் உடனே மூடிடறே?" என்று வாண்டு கேட்டாள்.

"பின்னே? துணி அறையில அலமாரியைத் திறந்து போட்டா தூசி படியும். வேலை முடிஞ்சா மூடணும். கை தானா போகுதுடி."

வாண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "இதுல தூசி படியாதும்மா! மூடாம, பக்கத்தைக் கீழே தள்ளிப் பாரு."

அம்மா தள்ளினாள். அடியில் 'முடித்துவிட்டேன்' என்று ஒரு பச்சைப் பொத்தான்.

"அடப்பாவி, இங்கேயா ஒளிஞ்சிருந்தே!"

அதன் பிறகு எல்லாம் ஆமை வேகம்தான். அம்மா தப்பான இடத்தைத் தொடும்போதெல்லாம் வாண்டுக்குக் கை பரபரத்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். மறுநாளும் அப்படித்தான். ஆனால் இரண்டு பாடம் மிச்சம் இருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது.

இஸ்திரி அத்தைக்கு வேலை கிடைத்தது, அம்மாவுக்கு இல்லை.

"நான் செஞ்சிருந்தா கிடைச்சிருக்கும்," என்றான் அண்ணன். அது உண்மை. அதனால்தான் வாண்டுக்கு அழுகை வந்தது.

"என்னாலதான்மா."

"போடி. முடிவு எடுத்தது நான்," என்றாள் அம்மா. அதை வாண்டின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

துணி அறையை மூடினார்கள். அம்மா வீட்டில் உட்கார்ந்து மிச்சப் பாடங்களையும் முடித்தாள். முடிக்கச் சொல்லி அவளை யாரும் கேட்கவில்லை.

ஒரு பள்ளி விடுமுறை நாளில் போன் அடித்தது. கிடங்கிலிருந்து இஸ்திரி அத்தை.

"அக்கா, என்னத்தையோ தொட்டேன், எல்லாம் மூடிக்கிச்சு! பையன் போனை எடுக்க மாட்டேங்கறான். ஆபீசர் வந்துடுவார்..."

சொல்லாதே என்று வாண்டு கைகளை ஆட்டினாள். அம்மா அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"அழாதே. மறுபடி திற. வலது மூலையில மூணு புள்ளி இருக்கா? அதை அழுத்து. 'வரலாறு'ன்னு வரும். நீ பார்த்த பக்கமெல்லாம் அதுல இருக்கும். வந்துச்சா? சரி, வச்சிடறேன்."

"ஏம்மா சொல்லிக் கொடுத்தே? அது உன்னோட வேலை!" என்று வாண்டு கத்தினாள்.

"ஆமா, என்னோட வேலைதான். சம்பளம் மட்டும் அவளுக்கு," என்றாள் அம்மா. அவள் கண் கலங்கியிருந்தது.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தாள். யாரையும் கூப்பிடாமல், தேடும் கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்: மருந்துக் கிடங்கு, ஆட்கள் தேவை.