என் கையில்லை

நோயாளியின் மணிக்கட்டில் நான்கு விரல் தடங்கள் தடித்துக் கிடந்தன.

மயக்க மருத்துவர் ஜிபாரா சற்றுமுன் நாடி பார்த்த இடம் அது. ஒவ்வாமைச் சோதனைக்காக முன்கையில் மருந்து குத்திய புள்ளிகளோ துளிகூடச் சிவக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நாரின் நகரத்து மலைச்சரிவில் மாலைப்பனி இறங்கிக்கொண்டிருக்க, சுவரோரத்து வெந்நீர்க் குழாய் யாரோ நகத்தால் கீறுவதுபோல் முனகியது. நோயாளி ஆய்சுரோக்கின் தலைத்துணியில் வீட்டார் தீங்கு அண்டாதிருக்கக் காட்டியனுப்பிய ஆர்ச்சா மரத்தழைப் புகையின் வாசம் மருந்து நெடியையும் மீறி அறைக்குள் தேங்கி நின்றது.

"மூணு ஆஸ்பத்திரி, மூணு மருந்து. ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைச்சுக்கிச்சு. என்னைக் கண்டா உங்க மருந்துக்கே ஆகலை, டாக்டரம்மா," என்று வலியிலும் சிரித்தாள் ஆய்சுரோக். குடல்வால் வெடித்திருந்தது, அறுக்காவிட்டால் விடியும்வரை தாங்கமாட்டாள்.

"மருந்து இல்லடி தங்கச்சி. கையுறை ரப்பர்தான் உனக்கு ஆகலை."

மூன்று இடத்திலும் மருந்தைப் பழித்தார்கள். தொட்ட கையை யாரும் பார்க்கவில்லை. ஜிபாரா தன் விரல்களைத் தடிப்பின்மேல் பிடித்துப் பார்த்தாள். தடிப்பு அவள் விரலைவிட ஒரு கணு நீளமாக இருந்தது. வீக்கம் பரவும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ரப்பர் எல்லாம் அறுவை அறையைவிட்டு வெளியேறியது.

"பிளாஸ்டிக் கையுறையா! சம்சா விக்கிறவன் மாதிரி நிக்கிறேன்க்கா," என்றான் அறுவை மருத்துவன் காசிம்பெக்.

சோதித்த மருந்து மட்டுமே ஏறியது. ஆய்சுரோக் உறங்கினாள். தொண்டைக்குள் குழாய் இறங்கியது. மூச்சுப்பொறி சீராக ஊதியது.

பிறகு கீச்சிட்டது.

காற்று நுழைய மறுத்தது. கழுத்தில் விரல்போல ஒரு கோடு தடித்தது. அருகே இன்னொன்று. ஜிபாரா அட்ரினலின் செலுத்தினாள். வடியவில்லை. மூன்றாவது கோடு.

"யாரும் தொடாதீங்க! கையை எடுங்க!"

காசிம்பெக், தாதி, ஜிபாரா. விளக்கொளியில் ஆறு கைகள் உயர்ந்து நின்றன. நான்காவது கோடு.

அப்போதுதான் ஜிபாராவுக்கு நினைவு வந்தது. நோயாளியைத் தொடும்போது அவர்கள் பக்கத்தில் எல்லோரும் காவல் தெய்வத்தை நினைத்துச் சொல்வது: 'என் கையில்லை, உமாய்த் தாயின் கை.' நாடி பிடிக்கையில் பாதி சொல்லும்போதே தொலைபேசி அடித்தது. என் கையில்லை. அவ்வளவுதான் சொன்னாள். யாருடையது என்று சொல்லவில்லை.

"உமாய்..."

நாக்கு எழவில்லை.

ஆறு கைகளும் உயரத்தில். கழுத்தின் மறுபுறம், மெல்ல, ஒரு கட்டைவிரலின் தடம் தடித்தது.