கிட்டத்துத் தண்ணீர்

இடிப்புப்பொறிகள் மூன்றும் காலை ஒன்பது மணிக்கே பன்னிருகண் பாலத்தின் மேற்குக் கரையில் வந்து நின்றுவிட்டன. அவற்றுக்கு ஓட்டுநர் இல்லை. கிழக்குக் கரையில் உள்ள நீர்நில ஆணைய மண்டபத்தில் இருக்கும் ஒளிமீட்பி எந்த இடத்தைச் சுட்டுகிறதோ, அந்த இடத்தை நண்பகலில் இடித்துவிட வேண்டும். அவ்வளவே அவற்றின் அறிவு. முன்பு ஆறு ஓடிய இடம் என்று அன்று சுட்டப்பட்டவை மேற்குக் கரையின் நாற்பத்து மூன்று வீடுகள்.

அதற்குச் சான்று ஓர் ஓவியம். நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு முன், பெயர் தெரியாத ஒருவர் கருவையாற்றுப் பாலத்தைத் தீட்டியிருந்தார். அதில் கோடு கிடையாது, விளிம்பு கிடையாது. காலை வெயில் நீரில் விழுந்து உடைவதைத் தூரிகையால் தீற்றல் தீற்றலாக வைத்திருந்தார். கருங்கல் பாலம்கூட அதில் ஒளியால் கட்டியதுபோல் நடுங்கும். அந்தத் தீற்றல்களில் வெயிலின் சாய்வும் நீரின் பரப்பும் ஆழமும் பதிந்து கிடக்கின்றன. அவற்றைக் கணக்கிட்டு வெளியே எடுக்கும் பொறியே ஒளிமீட்பி.

அது வந்த ஆறே ஆண்டுகளில் நாட்டின் வழக்கம் மாறிவிட்டது. தாத்தாவின் திருமணப் புகைப்படத்தில் விழுந்த நிழலைக் காட்டி, பக்கத்து வீட்டாரின் கிணற்றைப் பறித்தார்கள். எதைக் கண்டுபிடித்தாலும் முதலில் அதை அயலான் மீது ஏவிப் பார்க்காவிட்டால் நமக்கு உறக்கம் வருமா?

ஆணையர் நீலமேகம் அந்த வழக்கத்தைச் சட்டமாக்கியவர். “ஒளி பொய் சொல்லாது, ஆகவே மேல்முறையீடு இல்லை” என்பது அவர் எழுதிய விதி. ஆழம் மிகுந்த இடத்தை முதலில் இடிக்க வேண்டும் என்பதும் அவர் எழுதியதே. ஆற்றங்கரை மக்கள் நீதிமன்றப் படியேறிவிடக் கூடாது என்பதைத் தவிர, அன்றே இடித்துத் தள்ளும் அந்த அவசரத்துக்கு வேறு காரணம் இல்லை.

வீடுகளின் சார்பில் மண்டபத்துக்கு வந்திருந்தவர் சவரியம்மாள். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர். விரல் இடுக்கில் பச்சை வண்ணம் இன்னும் காயவில்லை.

“ஐயா, அது படம். ஒருத்தர் ஆசைக்கு வரைஞ்சது. அத வெச்சு எங்க வூட்ட இடிப்பீங்களா?”

“படம் இல்லம்மா, சான்று. உன் அடுப்பு இருக்கிற எடத்துல ஆறு ஓடியிருக்கு. சந்தேகமா இருந்தா மீனைக் கேட்டுப் பாரு” என்றார் ஆணையர்.

மண்டபம் சிரித்தது. சவரியம்மாள் சிரிக்கவில்லை. சுவரில் தொங்கிய ஓவியத்தையும் ஒளிமீட்பியின் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“திரையில இருக்கிற படம் குட்டையா இருக்கே. அடிப்பக்கத்த யாரு வெட்டினது?”

பொறியாளர் யாகூப் தயங்கினார். “கீழ வெறும் தீற்றல்தாம்மா. பாலமும் இல்ல, கரையும் இல்ல. தேவையில்லன்னு ஆபீஸ்ல விட்டுட்டாங்க.”

“வெறும் தீத்தலா?” சவரியம்மாளின் குரல் உயர்ந்தது. “முப்பது வருசமா பிரஷ் புடிக்கிறேன். தூரத்துத் தண்ணிய நுனியால புள்ளி புள்ளியா வெப்பாங்க. கிட்டத்துத் தண்ணின்னா பட்டை பிரஷ்ஷப் படுக்க வெச்சு அகலமா இழுப்பாங்க. இது காலடித் தண்ணி, சார். அந்த ஆளு கரையில நிக்கல. படகுல குந்திக்கினு இருக்காரு.”

“படகுல உக்காந்தா என்ன, பல்லக்குல உக்காந்தா என்ன? யாகூப், முழுசையும் ஏத்துங்க. அந்தம்மாவும் திருப்தியா போகட்டும்” என்றார் ஆணையர்.

ஏற்றினார்கள். ஒளிமீட்பி ஒரு நிமிடம் முனகியது. பின்னர்த் திரையில் எழுத்துகள் தோன்றின.

தீட்டியவரின் கண், நீர்மட்டத்துக்கு மேல் இரண்டு முழம். இருந்த இடம், நீர்நில ஆணைய மண்டபம். அங்கே ஆழம், இரண்டு ஆள் உயரம். மேற்குக் கரையில் ஆழம், முழங்கால் அளவு.

எதிர்க்கரையில் இடிப்புப்பொறிகள் மூன்றும் தலையைத் திருப்பின. வீடுகளை விட்டுவிட்டுப் பாலத்தின் மேல் ஏறின.

“நிறுத்துய்யா!” என்று அலறினார் ஆணையர்.

“என்னால முடியாது சார். மேல்முறையீடு கெடையாதுன்னு நீங்கதான எழுதினீங்க? சான்று செல்லாதுன்னு நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் நிக்கும்” என்றார் யாகூப்.

“போடறேன், கொடு! இதெல்லாம் ஒரு சான்றா? வெறும் படம்! எவனோ ஒரு கிறுக்கன் ஆசைக்கு வரைஞ்சது. தண்ணியெல்லாம் கற்பனை!”

“அதத்தான சார் நான் காலையிலேர்ந்து சொல்றேன்” என்றார் சவரியம்மாள்.

ஆணையர் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டதும், பொறிகள் பாலத்தின் ஏழாம் கண்ணின் மேல் நின்றன. மண்டபம் தப்பியது, நாற்பத்து மூன்று வீடுகளும் தப்பின. தண்டனை பெற்றது கருவையாறு மட்டுமே. ஒரு கரையில் அடுப்பும் மறுகரையில் நாற்காலியும் போட்டு அதன் மார்பின் மேல் அமர்ந்திருப்பவர்கள், அது அங்கே ஓடியதே இல்லை என்று ஒருமனதாக முடிவுசெய்தார்கள். அதை நேர்மையாக நிமிர்ந்து பார்த்த ஒரே மனிதர், அரசு ஆவணத்தில் கிறுக்கர் ஆனார். பொறி பிழை செய்யவில்லை. ஓவியரும் பிழை செய்யவில்லை. உண்மை தன் வாசலுக்கு வரும்வரை அதைப் போற்றுவதும், வந்தவுடன் கதவைச் சாத்துவதும் எந்த ஊர் அறம்?

ஓவியத்தின் கீழே உடனே ஓர் அறிவிப்புப் பலகை தேவைப்பட்டது. எழுதக்கூடியவர் எதிரிலேயே இருந்தார். சவரியம்மாள் வெகுநேரம் அந்த ஓவியத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்; நாற்பத்து மூன்று வீடுகளை நினைத்துக்கொண்டு தூரிகையை எடுத்தார்.

‘இவ்வோவியத்தில் காணும் தண்ணீர் கற்பனையே’ என்று எழுத்துப் பிசகாமல் எழுதி முடித்தார். பின்னர்ப் பட்டைத் தூரிகையை நீலத்தில் தோய்த்து, படுக்கவைத்து, பலகையின் அடியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அகலமாக ஓர் இழுப்பு இழுத்தார்.

“என்னம்மா அது?” என்றார் ஆணையர்.

“வெறும் தீத்தல், சார்” என்று சொல்லிவிட்டு, நனைந்துவிடும் என்பதுபோல் புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் அந்த மண்டபத்தைக் கடந்து போனார்.