வலசைக் கலத்தில் அறுபட்ட குழாய்

“கேப்டன்! கீழ்த்தளத்துக்கு ஓடி வாங்க! தண்ணி பூராவும் போகுது!”

ஒலிபெருக்கியில் இசக்கியப்பனின் அலறல் கேட்டது. ‘வலசை’ விண்கலத்தின் தலைவி பிரமிளா ரொசாரியோ, குடித்துக்கொண்டிருந்த காப்பிப் பையை அந்தரத்தில் மிதக்க விட்டுவிட்டுச் சுவரை உதைத்துக் கீழே பாய்ந்தாள். வழியில் இருந்த ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெளேரென்று ஏதோ பொடி பறந்தது. சூரிய வெளிச்சத்தில் அது மின்னியது. அந்த அழகு என்னவென்று புரிந்ததும் அவள் இன்னும் வேகமாகச் சுவரை உதைத்தாள். அவர்கள் குடிக்க வேண்டிய தண்ணீர்தான் விண்வெளியில் உறைந்து, தூளாகிப் போய்க்கொண்டிருந்தது!

கீழே இன்ஜினியர் இசக்கியப்பன் தன் உடம்பு முழுவதையும் கொடுத்து ஒரு அடைப்பானைத் திருகிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, மூச்சு இரைத்தது. டாக்டர் நஸ்ரினும் விமானி வைரவனும் மிதந்து வந்து பிடித்தார்கள். நால்வரும் சேர்ந்து ஒருவழியாக அதை அடைத்தார்கள்.

“எவ்வளவு மிச்சம் அண்ணாச்சி?” என்று கேட்டாள் பிரமிளா.

“ஒம்பது நாளைக்கு வரும். சுத்திகரிக்கிற மெஷினும் சேர்ந்து போயிட்டு.” அவர் குழாயைத் தூக்கிக் காட்டினார். “இதப் பாருங்க. தானா வெடிக்கல. யாரோ ரம்பத்த வச்சு அறுத்து, கழிவு தள்ளுத ஓட்டைக்குள்ள சொருவிருக்காவ.”

கலத்தில் இருந்ததே நான்கு பேர். நான்கு பேரும் அங்கேதான் நின்றார்கள்.

அவர்கள் புறப்பட்டது ஒரு தேடலுக்காக. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ‘ஆலா’ என்ற கலம், செவ்வாய்க்கு அப்பால் உள்ள பாறைக் கூட்டத்தில் விபத்துக்குள்ளானது. அதன் தலைவி ஆவுடைநாயகியும் புஷ்பராஜும் இறந்துபோனார்கள் என்றும், மூன்றாமவன் வைரவன் மட்டும் தப்புப் படகில் ஊர் திரும்பினான் என்றும் எல்லோருக்கும் தெரியும். நாடே அவனுக்கு மாலை போட்டது. ஆனால் நான்கு மாதங்களுக்கு முன், அதே இடத்திலிருந்து ‘டொக் டொக்’ என்று மெல்லிய சமிக்ஞை வரத் தொடங்கியது. மனிதர் தட்டுவதா, பழுதான இயந்திரமா? பார்த்து வர ‘வலசை’ கிளம்பியது. வழி தெரிந்தவன் என்பதால் வைரவனே விமானியானான்.

“திரும்பிடலாம் கேப்டன்” என்றான் வைரவன். “செவ்வாய் நிலையம் எட்டு நாள் பின்னாடி இருக்கு. தண்ணி போதும். முன்னாடி போனா அஞ்சு நாள்ல பாறைக்குப் போயிரலாம், ஆனா அங்க தண்ணி இல்ல. எனக்குத் தெரியும்.”

பிரமிளா உடனே முடிவு செய்யாமல் எல்லோருடைய பெட்டிகளையும் சோதித்தாள். இசக்கியப்பனின் பெட்டியில் ரம்பம் இருந்தது. அதன் பல்லில் நீல நிறக் குழாய்த் துகள் ஒட்டியிருந்தது.

“அது என் ரம்பந்தான். ஆனா நான் அறுக்கல தாயி. நம்புதியளா?”

அவள் அவரை நம்பத்தான் விரும்பினாள். ஆறு பயணங்களில் அவளோடு வந்தவர். ஆனாலும் அவரைச் சாமான் அறைக்குள் விட்டுக் கதவைப் பூட்டிச் சாவியைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். உள்ளே அவர் சாமான்களை ஒழுங்காக அடுக்கத் தொடங்கிய சத்தம் கேட்டது. அதுதான் அவளை என்னவோ செய்தது.

மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. “அக்கா!” என்று நஸ்ரின் வீறிட்டாள்.

வானொலி அறை அலங்கோலமாகக் கிடந்தது. கருவி நொறுங்கி, அதன் சில்லுகள் அறை முழுவதும் மிதந்துகொண்டிருந்தன. இனிப் பூமியோடும் பேச முடியாது!

பிரமிளா கழுத்தில் கிடந்த சாவியைத் தொட்டுப் பார்த்தாள். இசக்கியப்பன் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறார். அப்படியானால் இது அவர் வேலை இல்லை. அவள் பறந்து போய்க் கதவைத் திறந்தாள்.

“வெளிய வாங்க அண்ணாச்சி. யோசிச்சுச் சொல்லுங்க. நம்மளத் திரும்பிப் போக வைக்கணும்னா தண்ணி போனதே போதும். அப்புறம் ரேடியோவ எதுக்கு உடைக்கணும்?”

அவர் தாடையைச் சொறிந்தார். “கிட்ட வரவர அந்த ‘டொக் டொக்’ சத்தம் தெளிவாயிட்டே வந்துச்சு. நாளைக்குள்ள பேச்சாவே கேக்கும்னு நேத்துச் சொன்னேன்லா? மனுசக் குரலு கேட்டுட்டா?”

“கேட்டா, அங்க ரெண்டு வருஷமா ஆளுங்க உயிரோட இருக்காங்கன்னு அர்த்தம். ஆளுங்க இருந்தா அங்க தண்ணி இருக்குன்னு அர்த்தம்! நாம திரும்ப மாட்டோம், நேரா போவோம்!”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே தண்ணீர் இல்லை என்று சொன்னவன் ஒருவன்தான்.

இசக்கியப்பன் தன் விண்வெளி உடையின் தலைக்கவசத்தைக் கழற்றி, அதிலிருந்த சிறு வானொலியை வெளியே நீட்டிக்கொண்டிருந்த பெரிய ஆன்டெனாக் கம்பியோடு இணைத்தார். பிரமிளா எல்லோரையும் அழைத்தாள். வைரவன் வந்து, வாசலிலேயே நின்றான்.

கரகரப்பு. இன்னும் கரகரப்பு. திடீரென்று ஒரு பெண் குரல்!

“...ஆலாவிலிருந்து பேசுறோம். உடைஞ்ச ரேடியோவ இப்பத்தான் சரிபண்ண முடிஞ்சுது. புஷ்பராஜும் நானும் நல்லாத்தான் இருக்கோம். பனிக்கட்டி இருக்கு, சாப்பாடு இன்னும் கொஞ்சம் இருக்கு. யாராவது கேக்குறீங்களா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எங்களுக்காக உதவி தேடித் தப்புப் படகுல போன எங்க பையன் வைரவன், பத்திரமா போய்ச் சேர்ந்தானா?”

நஸ்ரின் வாயைப் பொத்திக்கொண்டாள். குரல் மறுபடியும் முதலிலிருந்து அதையே சொல்லத் தொடங்கியது. எத்தனை நாளாகச் சொல்கிறார்களோ!

வைரவன் நின்ற இடத்திலேயே சுருண்டான். “நிறுத்துங்க... தயவுசெஞ்சு நிறுத்துங்க!”

“நீதானா?” என்றாள் பிரமிளா.

“அலாரம் அடிச்சுது. கலம் வெடிச்சிரும்னு நினைச்சேன். அவங்க ரெண்டு பேரும் வெளிய குகைக்குள்ள சாமான் இறக்கிட்டு இருந்தாங்க. பத்து நிமிஷம் காத்திருந்தா வந்திருப்பாங்க. நான் காத்திருக்கல. இருந்த ஒரே படகை எடுத்துட்டு ஓடிட்டேன். செத்துட்டாங்கன்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன்.”

“எங்களையும் கொல்லப் பாத்தியேலே!” என்று இசக்கியப்பன் பாய்ந்தார்.

“இல்ல அண்ணாச்சி! செவ்வாய்க்குத் திரும்ப எட்டு நாள். அதனாலதான் ஒம்பது நாள் தண்ணி இருந்த தொட்டிய மட்டும் தொடாம விட்டு வச்சேன்.”

“அப்போ அவங்க?” என்று நஸ்ரின் கேட்டாள்.

அவனை அறையில் அடைக்க வேண்டும் என்றுதான் பிரமிளாவின் கை பரபரத்தது. ஆனால் அந்தப் பாறைக் கூட்டத்துக்குள் புகுந்து வெளியே வந்த ஒரே விமானி அவன்தான்.

“ஓட்டுவியா?”

“ஓட்டுறேன் கேப்டன்.”

ஐந்தாம் நாள், முன்னால் வானமே தெரியவில்லை. மலை மலையான பாறைகள் உருண்டு புரண்டுகொண்டிருந்தன. வைரவன் சுக்கானைப் பிடித்தான். பிரமிளா பக்கத்தில் அமர்ந்து எஞ்சின் விசைகளில் கை வைத்திருந்தாள். கலம் வளைந்தது, தாழ்ந்தது, இடுக்கில் நுழைந்தது. சட்டென்று வலது பக்கம் ஒரு கரும்பாறை எழும்பியது!

“இடது எஞ்சினை நிறுத்துங்க!” என்று கத்தினான் வைரவன்.

நிறுத்துவதா? நிறுத்தினால் கலம் சுழலுமே! இவன் பேச்சை எப்படி நம்புவது? அரை நொடி அவள் விரல் தயங்கியது. பிறகு அழுத்திவிட்டாள். ‘வலசை’ பம்பரம்போல் சுழன்றது. பாறை வாலை உரசிக்கொண்டு போனது. சுழன்ற வேகத்திலேயே அவன் கலத்தை இடுக்குக்கு வெளியே தள்ளினான். எதிரே ‘ஆலா’வின் உடைந்த உடல் கிடந்த பாறை தெரிந்தது!

குகை வாயிலில் காற்று வெளியேறாமல் அடைத்த இரட்டைக் கதவைத் தாண்டி உள்ளே போனபோது இரண்டு எலும்புக்கூடுகள்போல ஆவுடைநாயகியும் புஷ்பராஜும் நின்றார்கள். தலைக்கவசத்தைக் கழற்றிய வைரவனைப் பார்த்ததும் அந்த அம்மாள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

“கூட்டிட்டு வந்துட்டியே தம்பி! நீ வருவேன்னு எனக்குத் தெரியும்!”

அவன் அவள் கைகளை மெல்ல விலக்கினான். “நான் உதவிக்குப் போகலம்மா. உங்கள விட்டுட்டு ஓடினேன். இப்பவும் இவங்கள வர விடாம தடுக்கப் பாத்தேன்.”

புஷ்பராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆவுடைநாயகியின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, பிறகு அணைந்தது. அவள் பிரமிளாவின் பக்கம் திரும்பினாள்.

“உள்ள பனிக்கட்டி நிறைய இருக்கு. முதல்ல தொட்டிய நிரப்புங்க.”

பூமிக்கு வரும்வரை அவள் வைரவனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இருவரும் மீட்கப்பட்ட செய்தி மட்டும் செவ்வாய் நிலையம் வழியாக முன்னமே வந்திருந்தது. வங்கக் கடலில் ‘வலசை’ இறங்கியபோது நூறு படகுகள் சங்கு ஊதின. ஆறு பேரும் கரையேறினார்கள். புஷ்பராஜின் மனைவி தண்ணீருக்குள்ளேயே ஓடி வந்தாள். வைரவன் யாரும் சொல்லாமலே காவலர் வண்டியை நோக்கி நடந்தான். கூட்டம் அவனை வாழ்த்திக் கை தட்டியது. அவர்களுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

பிரமிளாவின் முன்னால் ஒலிவாங்கிகள் நீண்டன. “நடந்ததை எல்லாம் விசாரணையில சொல்லுவேன். இப்போ ஒண்ணு மட்டும்” என்றாள். “அறுத்தவன் யாருன்னு தெரியாம, குற்றமில்லாத ஒருத்தரை நான் பூட்டி வச்சேன். அவர் செஞ்ச ரேடியோவாலதான் இவங்க ரெண்டு பேரும் இங்க நிக்கிறாங்க. அண்ணாச்சி, என்னை மன்னிச்சிருங்க.”

இசக்கியப்பனுக்குக் கூச்சமாகிவிட்டது. “விடுங்க தாயி. ரம்பம் என் பெட்டியில இருந்துச்சு, பூட்டுனிய. ஆனா இன்னொரு தடவ பூட்டுததுக்கு முன்னால, ‘நம்புதியளா’ன்னு கேட்டேன்லா, அதுக்கு ஒரு பதில் சொல்லிட்டுப் பூட்டுங்க.”

“சொல்றேன் அண்ணாச்சி” என்றாள் அவள். அத்தனை பேர் பார்க்க, அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.