எல்லாரும் பத்திரம்!

டெலிபோன் அலறியது!

தபஸ்ஸும் பாய்ந்து எடுத்தாள்.

போர்ட் பிளேர் போன விமானம் வங்கக் கடலுக்கு மேல் காணாமல் போயிருந்தது. விமான நிலையத்தில் காத்திருந்துவிட்டு வீடு திரும்பியதிலிருந்து அவள் அந்த போனை விட்டு நகரவே இல்லை. படகு எஞ்சின் ரிப்பேருக்காக அந்த விமானத்தில்தான் அவள் கணவன் ஆசிஃப் போயிருந்தான்.

"ஹலோ..."

"ஆசிஃப் வீடுதானே?" கரகரத்த ஆண் குரல்.

"ஆமா... நான் அவரு ஒய்ஃப். நீங்க?"

"பேரைக் கேட்காதீங்க. விமானம் விழல. ஒரு தீவுல இறங்கியிருக்கு. எல்லாரும் பத்திரம்! சர்க்கார் ரகசியம்... வெளியே சொல்லாதீங்க!"

டக்.

தபஸ்ஸும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள். அழுதாள். தூங்கிக் கொண்டிருந்த மகளை எழுப்பி, "அத்தா வந்துடுவாங்கடி..." என்றாள்.

சென்னை முழுக்க அந்தப் பேச்சுதான்.

லஸ் முனை டீக்கடையில், "கடத்திட்டாம்ப்பா!" என்றார் ஒருவர். "இல்ல நைனா, கடலுக்கடியில காந்தம் கீது. இஸ்துக்கினு பூட்ச்சு!" என்றார் இன்னொருவர். தி. நகர் டிராவல்ஸ்களில் டிக்கெட்டை ரத்து செய்ய க்யூ. டெல்லி போக வேண்டிய பெரிய மனிதர்கள் சென்ட்ரலில் ரயிலுக்கு முட்டி மோதினார்கள். வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் மந்தைவெளி பஸ் ஸ்டாண்டே அண்ணாந்து பார்த்தது.

போனில் அந்தக் குரல் மறுபடியும் பேசியது. அதே வார்த்தைகள்.

இந்தத் தடவை தபஸ்ஸுமுக்குச் சந்தேகம் வந்தது. ரிசீவரை வைத்த கையோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

"உங்களுக்கு மட்டும் இல்லம்மா." இன்ஸ்பெக்டர் துரைராஜ் நெற்றியைத் தேய்த்தார். "அந்த ஃப்ளைட்ல போனவங்க வீடு ஒவ்வொண்ணுக்கும் பேசியிருக்கான்."

"எதுக்கு சார்? அவன் எங்ககிட்ட எதுவுமே கேக்கலையே!"

"கேப்பான். இப்பதானே தூண்டில் போட்டிருக்கான்..."

"ஒருவேளை... நிஜமா இருந்தா?"

துரைராஜ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட ரிசீவரை எடுத்தார்.

எக்ஸ்சேஞ்ச் மூலம் இடம் சிக்கியது. மந்தைவெளி மார்க்கெட் பக்கம் ஒரு டெலிபோன் பூத்!

மறுநாள் சாயங்காலம். பூத்துக்கு வெளியே மஃப்டியில் துரைராஜும் ஏட்டும். குரலை அடையாளம் காட்ட தபஸ்ஸும்.

கண்ணாடிக் கதவுக்குள் யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக் கொண்டிருந்தார்.

"...உங்க பையன் உயிரோட இருக்கான். எல்லாரும் பத்திரம்!"

"இவன்தான் சார்!" தபஸ்ஸும் கத்தினாள்.

துரைராஜ் கதவைத் திறந்து காலரைப் பிடித்தார். ஆள் திரும்பினார்.

தபஸ்ஸும் திடுக்கிட்டாள்!

அந்த முகம் அவளுக்குத் தெரியும். விமான நிலையத்தில் காத்திருந்த அன்று, மயங்கி விழப் போனவளைத் தாங்கிப் பிடித்து, ஓடிப்போய் தண்ணீர் வாங்கி வந்தவர். அங்கே எல்லாரும் எல்லாரிடமும் போன் நம்பர் வாங்கிக் கொண்டார்கள். அவரும் வாங்கினார்.

வைத்தீஸ்வரன். ஒரே மகள் மஹதியை அந்த விமானத்தில் ஏற்றிவிட்டவர்.

"ஐயா... நீங்களா? ஏன்யா இப்படிப் பொய் சொல்றீங்க?"

"பொய்யா?" அவர் விழித்தார். "பொய் இல்லம்மா! முதல்ல எனக்குத்தான் போன் வந்தது. பெரிய ஆபீசர். மஹதி பத்திரமா இருக்கான்னு சொன்னார். பேர் வெளியே வரப்படாதுன்னார். எனக்கு மட்டும் தெரிஞ்சு, நீங்கள்லாம் அழுதுண்டே இருக்கறது நியாயமா? அதான்..."

துரைராஜின் பிடி தளர்ந்தது.

"அந்த ஆபீசர் யாரு?"

"தெரியாது. என் ஆத்துக்கு வாங்கோ, சூடாமணியையும் கேளுங்கோ. அவளுக்கும் தெரியும்."

அடுத்த தெருதான். கதவைத் திறந்த சூடாமணி, கணவரையும் போலீஸையும் மாறி மாறிப் பார்த்தாள். தபஸ்ஸுமின் அழுத முகத்தைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது.

"உள்ள வாம்மா. காபி கலக்கறேன்."

சமையலறையில் ஸ்டவ் பற்ற வைக்கப்படவில்லை. சூடாமணி சுவரில் சாய்ந்தாள்.

"அவர் பேர்ல தப்பில்லைடிம்மா. அவருக்கு அந்த போனைப் பண்ணச் சொன்னதே நான்தான்!"

"நீங்களா?!"

"மெல்லப் பேசு... ப்ளேன் காணோம்னு சொன்ன மறுநாள், அவர் நொச்சிக்குப்பத்துல கடலுக்குள்ள நடந்து போயிட்டார். மீன்காராதான் இழுத்துண்டு வந்து கரையில போட்டா. மறுபடியும் போவேன்னு நின்னார். பொண்ணும் போயி, இவரும் போனா நான் என்ன பண்ணுவேன்? பாம்பேல இருக்கற என் தம்பிகிட்ட அழுதேன். அவன் ஒரு ஃப்ரெண்டை விட்டுப் பேசச் சொன்னான். அன்னிக்குத்தான் சாப்பிட்டார். அவர் ஊர் முழுக்கச் சொல்லிண்டு போவார்னு எனக்குத் தெரியாதும்மா..."

தபஸ்ஸும் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப... தீவு?"

சூடாமணி தலையாட்டினாள். இல்லை.

"ஆசிஃப்?"

அவளுடைய கையைப் பிடித்துக் கொண்டாள் சூடாமணி. சத்தம் வெளியே கேட்காமல் இருவரும் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுதார்கள்.

ஹாலில் வைத்தீஸ்வரன் எழுந்து நின்றார்.

"கேட்டியாம்மா? நான் சொன்னது நிஜம்தானே?"

தபஸ்ஸும் அவரையே பார்த்தாள். சண்டை போடத்தான் வந்திருந்தாள். இப்போது அந்தக் கண்களில் இருந்த வெளிச்சத்தை அணைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"நிஜம்தான் ஐயா. ஆனா... மத்தவங்களுக்கு இனிமே நீங்க பேச வேணாம். ஆபீசரே பேசட்டும்."

"சரிம்மா. ஆசிஃப் வந்ததும் ரெண்டு பேரும் இங்க சாப்பிட வரணும்!"

"வரோம்..."

படி இறங்கும்போதே அவள் உடைந்தாள். துரைராஜ் கைத்தாங்கலாகப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார். சமையலறைச் சங்கதியைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள்.

ஜீப் மந்தைவெளியைத் தாண்டியது.

ஏட்டு மெல்ல இருமினார். "சார்... கேஸை இன்னான்னு எய்தறது? அந்தக் குரல் யார்துன்னு மேல கேப்பாங்களே..."

துரைராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"காணோம்னு எழுதுய்யா! அவ்ளோ பெரிய ஏரோப்ளேனையே காணோம்னு எழுதிட்டானுங்க... நாம ஒரு குரலைத் தொலைக்கக் கூடாதா?"