கடுகுக்கணினிக்கு ஒரு மேசை

மரியபுஷ்பத்தின் ரத்தம் குழாயிலேயே நின்றுபோனது. அவளுடைய சிறுநீரகத்தின் வேலையைச் செய்துவந்த குருதிவடிப்பொறியின் திரையில் 'கணினி இல்லை' என்று சிவப்பு எழுத்து.

நர்ஸ் செண்பகவல்லி மேசையைப் பார்த்தாள். பொறியை ஓட்டும், கடுகளவே ஆன கடுகுக்கணினி இருக்க வேண்டிய இடத்தில் சந்தனத் தீற்றல் மட்டும் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூஜைக்கு அந்த வார்டில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தது அவள்தான். கணினி இட்லிப்பானை அளவு இருந்தபோது தலையில் வைத்தாள். தீப்பெட்டியாக இளைத்தபோது ஓரத்தில் வைத்தாள். இந்த வருஷம் பொட்டு கணினியைவிடப் பெரிதாகிவிட்டது. ஆனாலும் உட்கார்ந்த இடத்தின் சூட்டைத் தின்றே ஓடும் சாதனம் அது. சந்தனத்துக்கு அடியிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"என்ன தாயி, நின்னுபோச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. கைய ஆட்டாதீங்க."

"நீ ஒண்ணுமில்லங்கும்போதுதான் பயமாருக்கு."

ஐந்து நிமிடத்தில் ரத்தம் உறையத் தொடங்கும். பழைய பொறியில் கையால் சுற்ற ஒரு பிடி இருந்தது. இடத்தை அடைக்கிறதென்று அதையும் நீக்கிவிட்டார்கள். செண்பகவல்லி மண்டியிட்டுத் தரையைத் துழாவினாள். அபாய மணி கேட்டு மேலாளர் சங்கரபாண்டியன் பக்கத்து அறையிலிருந்து வந்தார்.

"என்னம்மா தேடுத?"

"கம்ப்யூட்டர் சார்."

"உலகத்துலயே சின்னதுன்னு வாசல்ல போர்டு வச்சிருக்கேன்."

"அதான் சார் காணல."

அவர் குழாயைப் பார்க்கப் பொறியின் மேல் குனிந்தார். பம்ப் சுற்றியது. திடுக்கிட்டுப் பின்வாங்கினார். பம்ப் நின்றது.

செண்பகவல்லி தரையிலிருந்தே அவர் முகத்தைப் பார்த்தாள். "சார், நெத்திக்குச் சந்தனம் எங்க எடுத்தீங்க?"

"கிண்ணத்துல தீந்துபோச்சு. மேசைல இருந்ததத் தொட்டு வச்சேன். அதுக்கென்ன?"

"கம்ப்யூட்டர் உங்க பொட்டுலதான் ஒட்டிருக்கு. குனிங்க சார். பொறிக்கு ஒரு முழத்துக்குள்ள இருந்தாத்தான் அது வேலை செய்யும்."

குனிந்தார். குழாயில் சிவப்பு நகர்ந்தது.

"சுரண்டி மேசைல வையேம்மா."

"நெத்திச் சூட்டுல காஞ்சு இறுகிருச்சு. உடைஞ்சாலும் போச்சு, விழுந்தாலும் போச்சு. அக்கா போன தடவையே வரல, பாதியில நிறுத்த முடியாது. இன்னும் ரெண்டரை மணி நேரம் சார்."

"ஸ்டூலாவது போட்டுக் குடு தாயி," என்றாள் மரியபுஷ்பம். "கழுத்து ஒடிஞ்சுரும்."

அரை மணியில் அவர் தலை ஆடத் தொடங்கியது. பொறி நிதானமாகச் சொன்னது: "மேசை நடுங்குகிறது. மேசையை நிலைநிறுத்தவும்."

செண்பகவல்லி அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மேசை ஈரமாகிறது. துடைக்கவும்."

பொட்டைச் சுற்றிப் பஞ்சால் ஒற்றினாள்.

"என்னையவா மேசைங்குது?" என்றார் அவர்.

"மேசையில் அதிர்வு."

அவர் வாயை மூடிக்கொண்டார்.

கடைசிச் சொட்டும் உடம்புக்குத் திரும்பிய பிறகு, மரியபுஷ்பம் செருப்பை மாட்டிக்கொண்டு அவருக்குக் கும்பிடு போட்டாள். செண்பகவல்லி ஈரப்பஞ்சோடு நெற்றியை நெருங்கினாள். அதற்குள் திரையில் எழுத்து ஓடியது:

'முந்தைய மேசையைவிட இதன் சூடு சீரானது. நாளைய ஆறு நோயாளிகளுக்கும் இதே மேசை ஒதுக்கப்பட்டது. காலை ஏழு மணிக்குத் துடைத்து வைக்கவும்.'